இரண்டு நெல்லுக்கு நடுவே எந்தக் கடுகு?

வங்கதேசத்தின் டாங்கைல், சிராஜ்கஞ்ச், மாணிக்கஞ்ச் மாவட்டங்களில் ஒவ்வொரு நவம்பரிலும் விவசாயி முன்னால் வந்து நிற்கிற கேள்வி இது. மழைக்காலப் பயிரான ஆமன் நெல்லை அறுத்தாயிற்று. ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ பாசனத்தில் வளர்கிற போரோ நெல்லை நட்டாக வேண்டும். நடுவில் கிடைப்பது எண்பது, எண்பத்தைந்து நாள். அந்த இடைவெளியில் எந்தக் கடுகை விதைப்பது?

நமக்குக் கடுகு தாளிப்புச் சாமான். அங்கே அது எண்ணெய்ப் பயிர். இருந்தும் அந்த நாட்டின் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி சோயாவாகவும் பாமாயிலாகவும் கப்பலில்தான் வந்து இறங்குகிறது. 2022-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது அந்தச் சுமை வீட்டு அடுப்பு வரைக்கும் தெரிந்தது. அதன் பிறகு கடுகுப் பரப்பைக் கூட்ட அரசே மும்முரமாக இறங்கியது. புதிதாக நிலம் எங்கிருந்தும் வரப் போவதில்லை. இரண்டு நெல்லுக்கு நடுவே சும்மா கிடக்கிற நிலம்தான் உண்டு. ஆகவே ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் கடுகும் போகும், பின்னால் வருகிற நெல்லும் கெடும்.

ரகங்களை ஒப்பிடப் போகிறவர்கள் இரண்டு வழியில் போவார்கள். ஒன்று, கையேட்டைத் திறந்து ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று பார்ப்பது. இன்னொன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளின் வழி: காய் எண்ணிக்கை, காய்க்குள் விதை, விதையின் எடை, கிளை, உயரம் என்று செடியின் குணங்களை அளந்து, எது விளைச்சலோடு ஒட்டிப் போகிறதோ அது தூக்கலாக இருக்கிற ரகத்தை எடுப்பது. இரண்டு வழியிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் நாள்காட்டியைப் பார்க்காமல் இந்த இரண்டில் எதைப் பிடித்தாலும் வங்கத்து வயலுக்குத் தவறான ரகம்தான் கைக்கு வரும். முதலில் நாள், அடுத்தது அந்த நாளுக்குள் அடங்குகிற செடியின் குணம் என்ற வரிசைதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

போட்டியில் இருப்பவை

கடுகு என்று ஒரே பேரில் சொன்னாலும் வங்கதேச வயல்களில் இருப்பவை மூன்று தனித்தனி இனங்கள். தோரி-7, பாரி சரிஷா-14, பாரி சரிஷா-17 ஆகியவை பிராசிகா ராபா. பாரி சரிஷா-11, 16 இரண்டும் பிராசிகா ஜன்சியா. வங்கத்தில் ராய் என்பார்கள். பாரி சரிஷா-18 பிராசிகா நாபஸ், அதாவது கனோலா வகை. ‘பாரி’ என்பது காஜிபூரில் இருக்கிற வங்கதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுருக்கப் பெயர், ‘சரிஷா’ என்றால் வங்காளத்தில் கடுகு. இந்த இனங்களுக்குள் உள்ள உறவை நாகஹாரு யு என்ற தாவரவியலாளர் 1935-ல் ஒரு முக்கோணமாகப் போட்டுக் காட்டினார். ராபாவும் கருங்கடுகும் கலந்து பிறந்தது ஜன்சியா. ராபாவும் முட்டைக்கோஸ் இனமும் கலந்து பிறந்தது நாபஸ். ஆக, குட்டையாக நின்று சீக்கிரம் முடிந்துபோகிற ராபாதான் மற்ற இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்று. பிள்ளைகள் இரண்டும் உடல் பெருத்தவை, அதிக நாள் எடுத்துக்கொள்பவை.

தோரி-7 பழைய ரகம். 70 முதல் 80 நாளில் முடிந்துவிடும், ஹெக்டேருக்கு 950 முதல் 1,100 கிலோ வரை தரும். விதை சிறியது, பழுப்பு நிறம். 2006-ல் வந்த பாரி-14 கிட்டத்தட்ட அதே 75–80 நாளில் 1.4 முதல் 1.6 டன் தருகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 600 கிலோவை ஒட்டி வரும். பாரி-17 இன்னும் ஆறேழு நாள் கேட்கும். 82–86 நாள், 1.7–1.8 டன். ராய் வகையான பாரி-16க்கு 105 முதல் 115 நாள் வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், 2 முதல் 2.5 டன் தரும். கனோலா வகை பாரி-18 அதே அளவு விளைச்சலை 95–100 நாளில் தந்துவிடும்.

டன் கணக்கை மட்டும் பார்த்தால் ராயும் கனோலாவும் முன்னால் நிற்கின்றன. குணங்களைப் பார்க்கப் போனால்தான் கதை சிக்கலாகிறது.

காய், விதை, எடை

கடுகுச் செடியின் விளைச்சல் மூன்று எண்களின் பெருக்கல். செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, ஆயிரம் விதைக்கு எத்தனை கிராம். உயரம், கிளை எண்ணிக்கை, காயின் நீளம் எல்லாம் இந்த மூன்றின் வழியாகத்தான் விளைச்சலைத் தொட முடியும்.

பாரி-16ன் ரக விவரத்தில் செடிக்கு 180–200 காய், காய்க்கு 9–11 விதை, ஆயிரம் விதை எடை 4.7–4.9 கிராம் என்றிருக்கும். பாரி-14ல் செடிக்கு 80–102 காய்தான், ஆனால் காய்க்கு 22–26 விதை. எடை 3.5–3.8 கிராம். அதன் காய் பருத்து, இரண்டு அறைதான் என்றாலும் நான்கு அறை உள்ளது போலத் தோன்றும். பாரி-17 இன்னும் ஒரு படி மேலே போகிறது: 60–65 காய், காய்க்கு 28–30 விதை, எடை 3.0–3.4 கிராம்.

இந்த மூன்று வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய் குறையக் குறைய விதை கூடுகிறது. விதை கூடக் கூட எடை இறங்குகிறது. செடி தயாரிக்கிற மாவுச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. பூத்து முடிந்த பிறகு கடுகின் இலைகள் உதிரத் தொடங்கும், காய்களின் பச்சைத் தோல்தான் பெரும்பங்கு உணவைத் தயாரிக்கும். அதைப் பல காய்களுக்குப் பிரிக்கலாம், அல்லது சில காய்களில் அடைக்கலாம். அதனால்தான் ஏதாவது ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘காய் அதிகம் உள்ள ரகம் நல்ல ரகம்’ என்று சொல்வது ஆபத்து.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். பாரி-16: 190 காய், 10 விதை, 4.8 கிராம் என்று நடுவெண்களை வைத்தால் செடிக்கு 9 கிராம் சொச்சம் வருகிறது. பாரி-14: 90, 24, 3.65 என்று வைத்தால் கிட்டத்தட்ட 8 கிராம். பாரி-17: 62, 29, 3.2 என்று வைத்தால் 6 கிராமுக்கும் குறைவு. கவனியுங்கள், செடிக்குச் செடி பார்த்தால் பாரி-17 பாரி-14ஐ விடத் தாழ்ந்தது. ஹெக்டேர் கணக்கிலோ உயர்ந்தது. கிளைகளை, காய்களை எண்ணி ரகம் தேர்ந்தெடுக்கிறவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு பெருக்கலும் உண்டு. பாரி-14ஐ வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டு நெருக்கமாக விதைத்தால் சதுர மீட்டருக்கு 50 செடி தாராளமாக நிற்கும். செடிக்கு 8 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராம், ஹெக்டேருக்கு 4 டன் வர வேண்டும். வருவதோ 1.5 டன். அப்படியானால் வயலில் நிற்கிற சராசரிச் செடி தருவது 3 கிராம்தான். ரக விவரத்தில் இருக்கிற செடி, நன்றாக இடம் கிடைத்து வளர்ந்த செடி. வயலில் பாதிக்கு மேல் நெருக்கத்தில் இளைத்து, ஒற்றைத் தண்டில் பத்திருபது காயோடு நிற்பவை. குணங்களை அளக்கிற சோதனைகளில் ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடியைப் பிடுங்கி எண்ணுவது வழக்கம். அந்தப் பத்தும் எந்தப் பத்து என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும். செடியின் குணத்துக்கும் வயலின் விளைச்சலுக்கும் நடுவே ‘எத்தனை செடி, எவ்வளவு ஒரே சீராக’ என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கட்டுரைகள் பல அதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஒட்டிப் போவதும் காரணமாக இருப்பதும்

குணத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் இரண்டு கட்டமாக அளக்கிறார்கள். முதலில் ஒட்டுறவு. அதாவது ஒரு குணம் ஏறும்போது விளைச்சலும் ஏறுகிறதா என்று பார்ப்பது. அடுத்தது வழித்தடப் பகுப்பாய்வு. அந்த உறவில் எவ்வளவு நேரடியானது, எவ்வளவு இன்னொரு குணத்தின் தோளில் ஏறி வந்தது என்று பிரித்துக் காட்டுவது. ஸீவால் ரைட் 1921-ல் உருவாக்கிய முறை இது. 1959-ல் டூவியும் லூவும் புல்வகை ஒன்றின் விதை விளைச்சலுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு பயிர் ஆராய்ச்சியில் ஊர் ஊராகப் பரவிவிட்டது.

கடுகில் இந்த இரண்டாவது கட்டம் ரொம்ப முக்கியம். உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராபா, ஜன்சியா, நாபஸ் மூன்றையும் ஒரே சோதனையில் போட்டு அளந்தால் உயரமும் விளைச்சலும் அழகாக ஒட்டிப் போகும். காரணம் என்ன? உயரமான செடி அதிக நாள் நின்ற செடி. அதிக நாள் நின்றதால் கிளை வைத்தது, கிளை வைத்ததால் காய் வைத்தது. உயரம் தானாக எதையும் தரவில்லை, நாள் தந்தது. அந்த நாளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உயரம் பாரமாகவும் மாறலாம். தண்டுக்குப் போன சத்து விதைக்கு வராது, காற்றடித்தால் சாயவும் செய்யும். இதே ஒட்டுறவை நம்பி இரண்டு நெல்லுக்கு நடுவே உயரமான ரகத்தைப் போட்டால் என்ன ஆகும்? ஒட்டுறவை உண்டாக்கிய நாள் அங்கே இல்லையே.

காய் எண்ணிக்கை அப்படியல்ல. பெரும்பாலான கடுகுச் சோதனைகளில் விளைச்சலின் மேல் வலுவான நேரடி விளைவு செடிக்கு எத்தனை காய் என்பதற்குத்தான் வருகிறது. அடுத்தது காய்க்குள் விதை. விதை எடை பல சமயம் பின்னால் நிற்கும். சரி, அப்படியானால் காய் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் கடுகு நம்மைச் சோதிக்கிறது. காய் எண்ணிக்கை மரபில் ஊன்றி நிற்கிற குணமல்ல. இடைவெளி, தழைச்சத்து, ஒரு தண்ணீர், ஒரு வாரம் முன்னே பின்னே விதைப்பு என்று எதைத் தொட்டாலும் அது ஆடும். விதை எடையோ கிட்டத்தட்ட எந்த வயலிலும் அதேதான். ஆக, விளைச்சலோடு நெருங்கிய குணம் வயலுக்கு வயல் மாறுகிறது. மாறாத குணம் விளைச்சலோடு அவ்வளவு நெருக்கமில்லை. காய்க்குள் விதை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாரி-14, பாரி-17 இரண்டும் அந்த நடுக் குணத்தில் தூக்கலாக இருப்பது தற்செயலாகத் தோன்றினாலும், குறுகிய நாள் பயிருக்கு அதுதான் பொருத்தம்.

ஏன் என்றால், கிளைக்கு நேரம் வேண்டும். தண்டு முதலில் பூக்கும், பிறகு முதல்நிலைக் கிளைகள், அப்புறம் அவற்றிலிருந்து இரண்டாம்நிலைக் கிளைகள். நூற்றுப் பத்து நாள் பயிரில் இந்த வரிசை முழுதாக நடந்து முடியும். எழுபத்தைந்து நாள் பயிரில் கடைசியாக வருகிற கிளைகளின் காய் பழுக்கும் முன்னே அரிவாள் வந்துவிடும். அந்தக் காய் எண்ணிக்கையில் சேரும், களத்தில் சேராது. குறைவான காயில் நிறைய விதை அடைத்து, எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கிற செடிதான் அவசரமான நிலத்துக்கு ஏற்றது.

ராஜஸ்தானில் இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. பரத்பூர், அல்வர் பக்கம் அக்டோபரில் விதைத்து மார்ச்சு வரைக்கும் நிலத்தில் கடுகுதான். நெல் வந்து கதவைத் தட்டுவதில்லை. மழைக்காலத்து ஈரத்தைப் பிடித்து வைத்து, ஒன்றிரண்டு தண்ணீரில் 130, 140 நாள் நிற்கிற ஜன்சியா ரகங்களை அங்கே வளர்க்கிறார்கள். வருணாவும் பூசா போல்டும் அந்த மண்ணின் பெயர்பெற்ற ரகங்கள். கிளைகள், இரண்டாம்நிலைக் கிளைகள், பருத்த விதை எல்லாவற்றுக்கும் அங்கே நேரம் இருக்கிறது. பரத்பூர் அருகே சேவரில் 1993-ல் கடுகுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வந்ததும் அந்த வட்டாரத்தின் பரப்பை வைத்துத்தான். அங்கே எழுதப்படுகிற குணக் கணக்கை அப்படியே தூக்கிவந்து டாங்கைல் வயலுக்குப் பொருத்தக் கூடாது. இனமும் வேறு, நாளும் வேறு.

நாளைப் பங்கு போட்டால்

விளைச்சலை நாளால் வகுத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. நடுவெண்களை வைத்தால் தோரி-7 ஒரு நாளைக்கு ஹெக்டேருக்குச் சுமார் 14 கிலோ. பாரி-14 சுமார் 19. பாரி-17, பாரி-16 இரண்டும் 20, 21. பாரி-18 மட்டும் 23. தோரியைத் தள்ளிவிட்டால் மற்றவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டரை டன் தரும் ராய், ஒன்றரை டன் தரும் பாரி-14ஐ விட உழைப்பாளி என்று சொல்ல முடியாது. அதற்கு நாள் அதிகம், அவ்வளவுதான். எனவே எந்த ரகம் சிறந்தது என்ற கேள்வி, உங்கள் நிலத்தில் எத்தனை நாள் இருக்கிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

அதை நாள்காட்டியில் வைத்துப் பார்ப்போம். பீனா தான்-7, பிரி தான்-75 (‘தான்’ என்றால் வங்காளத்தில் நெல்) போன்ற குறுகிய கால ஆமன் ரகம் போட்டவர் நவம்பர் முதல் வாரத்தில் அறுத்துவிடலாம். நவம்பர் 8-ல் கடுகு விதைத்தால், 80 நாள் ரகம் ஜனவரி 27-ல் களத்துக்கு வரும். 86 நாள் ரகம் பிப்ரவரி 2. கனோலா 98 நாளில் பிப்ரவரி 14. ராய் 110 நாளில் பிப்ரவரி 26. டிசம்பர் நடுவில் நாற்று விட்டு வைத்திருந்தால் பிப்ரவரி முதல் வாரத்தில் போரோ நடவு சரியாக அமையும். பிப்ரவரிக் கடைசியில் நட்டால் நாற்று முற்றிப்போயிருக்கும். நெல் மே மாதக் கடைசியில் ஆலங்கட்டி மழையிலும் முன்கூட்டி ஏறுகிற வெள்ளத்திலும் மாட்டும். பிரி தான்-29 போல 160 நாள் கேட்கிற போரோ ரகம் என்றால் நிலைமை இன்னும் மோசம். கடுகில் கூடுதலாகக் கிடைத்த முக்கால் டன், நெல்லில் போகிற டன்னை ஈடு கட்டாது.

ஆமன் தாமதமானால் எல்லாக் கணக்கும் பின்னால் போகும். நவம்பர் 27-ல் விதைத்த 80 நாள் ரகம்கூட பிப்ரவரி 15-ஐத் தொட்டுவிடும். அதோடு அசுவினிப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். குளிரும் மேகமூட்டமுமான ஜனவரியில் அது பெருகும்போது முன்னால் விதைத்த வயலில் காய் முற்றியிருக்கும், பின்னால் விதைத்த வயலில் பூங்கொத்து இருக்கும். பூங்கொத்தில் அசுவினி ஏறினால் காய் எண்ணிக்கை என்ற அந்த முதல் எண்ணே சுருங்கிவிடும். எந்தக் குணமும் அதற்கு மேல் காப்பாற்றாது.

யாருக்கு எது

இரண்டு நெல்லையும் விடமாட்டேன், ஆமன் நவம்பர் முதல் பத்து நாளில் முடிந்துவிடும் என்பவருக்கு என் தேர்வு பாரி-14. பாரி-17 கையேட்டில் ஹெக்டேருக்கு இரண்டு குவிண்டாலுக்கு மேல் கூடுதல் காட்டுகிறதே என்று கேட்கலாம். ஆமன் அக்டோபர்க் கடைசியிலேயே அறுவடையானால், நாற்றும் கூலியாளும் கையில் இருந்தால், தாராளமாகப் பாரி-17 போடலாம். அந்த ஆறு நாள் உறுதியாக இல்லாதவர் அதற்கு ஆசைப்படக் கூடாது. ஒரு மழை போதும் அதை விழுங்க. 2021 டிசம்பர் முதல் வாரத்தில் ஜவாத் புயல் வலுவிழந்து மழையாகப் பெய்தபோது வயல்களில் தண்ணீர் நின்றது. இளம் ராபா கடுகு நின்ற தண்ணீரைத் தாங்காது. திரும்ப விதைக்க வேண்டி வந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

தோரி-7ஐ மொத்தமாக ஒதுக்கச் சொல்வார்கள் சிலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் இடம் குறுகிவிட்டது. ஆமன் தாமதமாகி, வேறு எதுவும் அடங்காது என்கிற நிலத்தில், உரச் செலவுக்குக் கையில் பணமில்லாதவருக்கு அது இன்னும் கை கொடுக்கும். நோய்களை ஓரளவு தாங்கும், கவனிப்பு குறைந்தாலும் ஏதோ தரும். ஆனால் அதே நாளில் ஒன்றரை மடங்கு தருகிற பாரி-14 இருக்கும்போது, நல்ல நிலத்தில், பழக்கத்துக்காகத் தோரியைத் தொடர்வது அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்தான். விதை கிடைக்காததால் தொடர்கிறார்கள் என்றால் அது விநியோகத்தில் இருக்கிற குறை, விவசாயியின் குறை அல்ல.

ராய்க்கு உரிய இடம் வேறு. போரோவுக்குத் தண்ணீர் இல்லாத மேட்டு நிலம், யமுனையின் (பிரம்மபுத்திராவுக்கு வங்கதேசத்தில் உள்ள பெயர்) மணல்திட்டுகள், தெற்கே குல்னா பக்கத்து உப்பு மண். பாரி-11 வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்பதால் கடலோர நிலத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிற ரகம். அங்கே கடுகுக்குப் பின்னால் அவசரமாக நெல் எதுவும் காத்திருப்பதில்லை. கிளை வைக்கட்டும், உயரட்டும், நூறு நாள் தாண்டட்டும். முற்றிய தண்டு அடுப்புக்கு விறகாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரைகளில் உயரத்தை விளைச்சலோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். விறகு வாங்க வேண்டிய வீட்டில் ஆள் உயரத் தண்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ராயின் எண்ணெய்க்குக் காரம் தூக்கல், வங்கத்துச் சமையலுக்கு அது பிடித்தமானது.

கனோலா வகை பாரி-18ஐப் பற்றி எனக்கு ஆசையும் உண்டு, தயக்கமும் உண்டு. நாளுக்கு 23 கிலோ என்பது எல்லாவற்றையும் விட மேல். பழைய கடுகு ரகங்களின் எண்ணெயில் பாதியை ஒட்டி இருக்கிற, உடல்நலத்துக்கு ஆகாது என்று கருதப்படுகிற எரூசிக் அமிலம் இதில் ஒரு சதவீதத்தை ஒட்டிக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பிப்ரவரி நடுவில்தான் அறுவடை. போரோவை அதற்கேற்ற குறுகிய கால ரகமாக மாற்றிக்கொண்டவரால்தான் முடியும். நாபஸ் காய்கள் முற்றியதும் வெடித்துச் சிதறும் குணமும் உள்ளவை, அறுவடையில் இரண்டு மூன்று நாள் தாமதித்தாலே விதை மண்ணுக்குப் போய்விடும். கூலியாள் கிடைக்காத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

குணக் கணக்கில் வராத இரண்டு விஷயங்களையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் ரகத்தை எடுத்த பிறகு விளைச்சலைத் தீர்மானிப்பவை அவைதான்.

முதலாவது போரான் என்ற நுண்சத்து. ரங்பூர், தினாஜ்பூர் பக்கத்து மண்ணில் அது குறைவு. போரான் இல்லாவிட்டால் மகரந்தம் சரியாக முளைக்காது, பூ உதிரும், காய் நீண்டாலும் உள்ளே விதை இடைவெளி விட்டு நிற்கும். பாரி-14ஐ எடுத்ததே காய்க்கு இருபத்து நான்கு விதைக்காகத்தான். போரான் குறைந்த மண்ணில் அது பன்னிரண்டாக இறங்கினால் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடுகிறது. போரிக் அமிலம் அடியுரமாக இட்டால் தீரக்கூடிய குறை இது. எண்ணெய்ப் பயிர் என்பதால் கந்தகத்துக்கு ஜிப்சமும் வேண்டும்.

இரண்டாவது விதை சேமிப்பு. தோரி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத வகை. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். சலன் பீல் என்ற சதுப்பு நிலப் பகுதியில் கடுகு பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அது தேனுக்கு மட்டுமல்ல, வயலுக்கும் ஆதாயம். மஞ்சள் விதை ராபா வகைகள் தன் மகரந்தத்தை ஏற்கும், ஆனாலும் பக்கத்து வயலில் தோரி இருந்தால் தேனீ கலந்துவிடும். அடுத்த வருடம் மஞ்சள் விதைக்கு நடுவே பழுப்பு விதை தலைகாட்டினால் கலப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். விதைக்கென்று வைக்கிற பகுதியை வயலின் ஓரத்தில் அல்லாமல் நடுவில் ஒதுக்கி, பழுப்பு விதைச் செடிகளை நீக்கி எடுத்தால் கலப்பைக் குறைக்கலாம். ஒருசில வருடத்துக்கு ஒருமுறை புது விதை வாங்கிவிடுவது அதைவிட நல்லது. ஜன்சியா பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பதால் ராய் விதையைச் சேமிப்பது இதைவிட எளிது.

பாரி-14 எடுத்தவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை மீதி இருக்கிறது. விதைத்த மூன்றாம் வாரத்தில் மீட்டருக்கு மீட்டர் ஒரு சட்டத்தை வயலில் நாலைந்து இடத்தில் வைத்துச் செடிகளை எண்ணிப் பாருங்கள். கையால் தூவியிருந்தால் ஓரிடத்தில் நூறு இருக்கும், இன்னோரிடத்தில் இருபது இருக்கும். நூறு உள்ள இடத்தில் களைந்து ஐம்பதை ஒட்டிக் கொண்டுவாருங்கள். களைந்த இளஞ்செடி கீரையாகச் சந்தைக்குப் போகும். இருபதுதான் இருக்கிற இடத்தில் அந்த நாளுக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வருடம் வரிசையில் விதைக்க வேண்டும்.